மூச்சை இழுத்தாலும் 102, விட்டாலும் 102

போன வாரம் எபிசோட் வரல. அதுக்கு முதல்ல சாரி. காரணம் என்னன்னு இன்னைக்குச் சொல்றேன். அதைச் சொல்லணும்னா இத்தனை நாள் உங்ககிட்ட சொல்லாத ஒரு விஷயத்தையும் சேர்த்தே சொல்லணும்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. வண்டி ஓட்டிட்டு இருக்கறவங்க செய்யாதீங்க, மத்தவங்க செய்யுங்க. வலது கை ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் இடது மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே வைங்க. நாடி கிடைச்சுதா? இப்ப மெதுவா மூச்சை உள்ளே இழுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அதே மாதிரி மெதுவா வெளியே விடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. இன்னொரு தடவை.

கவனிச்சீங்களா? உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்கி வரும். வெளியே விடும்போது கொஞ்சம் விலகிப் போகும். இளம் வயசுல, நல்ல ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் நிமிஷத்துக்குப் பதினஞ்சு துடிப்புக்கு மேலகூட இருக்கும். இது நோய் இல்ல. உங்க மூளை, மூச்சு, இதயம் மூணும் ஒரே லைன்ல பேசிட்டு இருக்குன்னு அர்த்தம்.

என் மணிக்கட்டில் கை வச்சா இது நடக்காது. நான் மூச்சை இழுத்தாலும் 102, விட்டாலும் 102. ஏன்னா என் நெஞ்சுக்குள்ள இருக்கிற இதயம் நான் பிறக்கும்போது என்கூட வந்தது இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி, என் 31 வயசுல, எனக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது.

சில பேர் மெயில்ல கேட்டிருந்தீங்க, "என்ன ப்ரோ, நடுநடுவுல மூச்சு வாங்கற மாதிரி இருக்கே, மைக் பிரச்சினையா?"னு. மைக் நல்லாத்தான் இருக்கு.

ஆபீஸ்ல நடந்தது

ஒரு வைரஸ் காய்ச்சல் வந்துட்டுப் போச்சு. போகும்போது இதயத் தசையையும் கெடுத்துட்டுப் போச்சு. ஒரு வருஷத்தில் மாடிப்படி ஏற முடியாத நிலைமை. பட்டியலில் பேர் பதிஞ்சு, காத்திருந்து, ஒரு ராத்திரி போன் வந்தது. அந்தக் கதையை இன்னொரு நாள் விரிவா சொல்றேன். இன்னைக்குச் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம் நடந்தது.

வேலைக்குத் திரும்பி ஒரு வருஷம் ஆனப்புறம், ஆபீஸ்ல ஒரு மனநல வாரம் வச்சாங்க. மூச்சுப் பயிற்சி வகுப்பு. எல்லாருடைய ஸ்மார்ட் வாட்சையும் இணைச்சு, பெரிய திரையில் ஆளுக்கு ஒரு கோடு. பயிற்சியாளர் சொன்னார்: "நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. கோடு அலை மாதிரி ஏறி இறங்கினா உங்க மனசு அமைதியாகுதுன்னு அர்த்தம்." எல்லாருடைய கோடும் மெரினாவில் அலை அடிக்கிற மாதிரி ஏறி இறங்குது. ஒரே ஒரு கோடு மட்டும் ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி நேரா போகுது. என்னுது.

அவர் பக்கத்துல வந்து மெதுவாத்தான் சொன்னார், ஆனா எல்லாருக்கும் கேட்டுது. "சார், நீங்க உள்ளுக்குள்ள ரெசிஸ்ட் பண்றீங்க. ஏதோ ஒண்ணை விட மாட்டேங்கறீங்க. விட்டுடுங்க சார்."

அவர் மேல தப்பு இல்ல, அவருக்குத் தெரியாது. ஆனா எனக்கு என்னவோ பண்ணிடுச்சு. அறுவை சிகிச்சைத் தழும்பை சட்டைக்குள்ள மறைச்சிடலாம். இதை எங்க மறைக்கிறது? சுவர் அளவுத் திரையில் ஓடுதே.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து ஒரு வீம்பு. எப்படியாவது இந்தக் கோட்டை அசைச்சே ஆகணும். இணையத்தில் ஒரு வீடியோ பார்த்தேன். தரையில் சம்மணம் போட்டு உக்காந்து, நெஞ்சு முழுக்கக் காத்தை இழுத்து, அடக்கி, வயித்தை இறுக்கி, முக்கி, எண்ண ஆரம்பிச்சேன். இருபது, முப்பது, நாப்பது. வாட்சைப் பார்த்தேன். பெரிசா மாற்றம் இல்ல. கடுப்புல சட்டுனு எழுந்தேன்.

அவ்வளவுதான் ஞாபகம். கண்ணு இருட்டிட்டு வந்தது. கண்ணைத் திறந்தப்ப புத்தக அலமாரிக்குக் கீழே கிடந்தேன். நெத்தியில் ரத்தம். அம்மா தலைமாட்டில் உக்காந்து அழுதுட்டு இருந்தாங்க.

பிசியோ அக்கா போட்ட பாடம்

மறுநாள் ஆஸ்பத்திரி. டாக்டர் எக்கோ, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துட்டு, "இதயம் நல்லா இருக்கு. நீங்கதான் சொன்னபடி கேக்கல"னு சொல்லிட்டு என்னை பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்க இருக்கிற அக்காவுக்கு இதய மாற்று நோயாளிகளை நடக்க வைக்கிறதுதான் வேலை. நெத்தியில் இருந்த தையலைப் பார்த்தாங்க. "யார் தம்பி உங்களை மூச்சை அடக்கச் சொன்னது?"னு கேட்டாங்க. ஆபீஸ் கதை முழுசும் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். ஒரு பேப்பரை எடுத்துப் படம் போட ஆரம்பிச்சாங்க.

அவங்க சொன்னதை என் பாஷையில் சொல்றேன்.

இதயத்துக்குள்ள, வலது மேலறையில், சைனஸ் கணுன்னு ஒரு சின்ன இடம் இருக்கு. துடிப்பு அங்கதான் பிறக்குது. யாரும் எதுவும் சொல்லலைன்னா அது தானாவே நிமிஷத்துக்கு 100 வாக்கில் துடிக்கும். அப்புறம் ஏன் உங்களுக்கெல்லாம் சும்மா இருக்கும்போது 65, 70னு இருக்கு? மூளைத் தண்டிலிருந்து வேகஸ்னு ஒரு நரம்பு இறங்கி வந்து, பிரேக்கை எப்பவும் லேசா மிதிச்சே வச்சிருக்கு. அதனாலதான்.

நீங்க மூச்சை உள்ளே இழுக்கும்போது மூளை அந்தப் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துது. துடிப்பு கூடுது. வெளியே விடும்போது மறுபடி மிதிக்குது. துடிப்பு குறையுது. நீங்க இப்ப மணிக்கட்டில் பார்த்தது அதுதான். இது புதுசாக் கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லூட்விக் 1847லயே, சுழலும் உருளையில் கோடு போடும் ஒரு கருவியை உருவாக்கி, நாயின் துடிப்பு மூச்சோட சேர்ந்து மாறுவதைப் பதிவு செஞ்சுட்டார்.

இதயத்தை மாத்தும்போது ரத்தக் குழாய்களைத் தைக்க முடியும். நரம்பைத் தைக்கறதில்ல. பிரேக் வயரும் கட், ஆக்ஸிலேட்டர் வயரும் கட். 1967 டிசம்பர் 3ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த முதல் மனித இதய மாற்றிலிருந்து இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். அதனாலதான் இதய மாற்று செஞ்சவங்களுக்கு ஓய்வுத் துடிப்பு பெரும்பாலும் 90லிருந்து 110க்குள்ள நிக்குது. மூச்சு சொல்ற சேதி கழுத்து வழியா இறங்கி, நெஞ்சு வரைக்கும் வந்து, அறுந்த இடத்துல நின்னுடுது.

"புரியுதா தம்பி? உங்க மனசு அமைதியாகலன்னு அந்தக் கோடு சொல்லல. சேதி போய்ச் சேரலன்னு சொல்லுது. அவ்வளவுதான்"னாங்க அக்கா.

சத்தியமா சொல்றேன், அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

அப்ப நான் ஏன் விழுந்தேன்?

இதுக்கு ரத்த அழுத்தத்தைப் புரிஞ்சுக்கணும். ரொம்ப சுவாரசியமான இடம் இதுதான்.

மூச்சு இதயத்துக்கு ரெண்டு வழியில் சேதி அனுப்புது. ஒண்ணு நரம்பு வழி. அது எனக்கு இல்ல. இன்னொண்ணு வெறும் அழுத்தத்தின் வழி. நீங்க மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரியுது, உதரவிதானம் கீழே இறங்குது, உள்ளே அழுத்தம் குறையுது. காத்து மட்டும் உள்ளே வரல. வயித்திலிருந்தும் கை கால்களிலிருந்தும் ரத்தமும் வலது பக்க இதயத்துக்கு உறிஞ்சப்படுது. அதே நேரத்தில் இடது பக்கம் வெளியே தள்ற அளவு ஒரு கணம் லேசா குறையுது. அதனால சாதாரண மூச்சில்கூட, உள்ளே இழுக்கும்போது மேல் ரத்த அழுத்தம் சில புள்ளிகள் இறங்கும். பத்துக்குள்ள இருந்தா அது இயல்பு. வெளியே விடும்போது ஏறிடும்.

இதுக்கு நரம்பு வேண்டாம். மாத்து இதயம் வச்சிருக்கிற எனக்கும் இது நடக்குது. ஐசியூவில் கண் முழிச்ச முதல் நாட்களில், மானிட்டரில் சிவப்புக் கோடு ஒண்ணு என் மூச்சோட சேர்ந்து மெதுவா ஏறி இறங்குறதைப் பார்த்துட்டே படுத்திருப்பேன். மணிக்கட்டுத் தமனியில் போட்ட குழாயிலிருந்து வர்ற ரத்த அழுத்தக் கோடு அது. நர்ஸுகளும் அந்த ஏற்ற இறக்கத்தைக் கவனிச்சுக்கிட்டே இருப்பாங்க. அது திடீர்னு பெரிசானா, இதயத்தைச் சுத்தித் திரவம் சேர்ந்து அமுக்குதோன்னு சந்தேகப்படணுமாம். எனக்கு அப்ப இது எதுவும் தெரியாது. எல்லாம் அசையாம இருக்கிற அறையில் அது மட்டும் என்கூட அசையுதேன்னு ஒரு ஆறுதல்.

இப்ப அந்த ராத்திரிக்கு வாங்க. மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறுது. இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம் குறையுது. வரவு குறைஞ்சா செலவும் குறையணும் இல்லையா, ரத்த அழுத்தம் இறங்குது. உங்களுக்கு இது நடந்தா கழுத்துத் தமனியில் இருக்கிற அழுத்த உணரிகள் உடனே மூளைக்குத் தகவல் சொல்லும். மூளை ரெண்டு வேலை செய்யும். இதயத்தை வேகமா துடிக்க வைக்கும், ரத்தக் குழாய்களை இறுக்கும். சில நொடியில் சமாளிச்சிடுவீங்க.

எனக்கு ரெண்டாவது வேலை நடக்கும். ரத்தக் குழாய்களுக்குப் போற நரம்புகளை யாரும் வெட்டல. முதல் வேலை நடக்காது. மூளை கத்துது, இதயம் 102லயே நிக்குது. அந்த நேரம் பார்த்து சட்டுனு எழுந்தும் நின்னா, ரத்தம் காலுக்கு இறங்குது. தலைக்குப் போறது குறையுது. அலமாரி எதிர்ல வருது.

போன் காலும் தபாலும்

"அப்படின்னா என் இதயம் எதையுமே கேக்காதா அக்கா?"னு கேட்டேன்.

கேக்கும், லேட்டா கேக்கும். சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் அட்ரினலினைக் கலந்து விடும். அது ரத்தத்தோட சுத்தி வந்து இதயத்தைத் தொடும்போதுதான் துடிப்பு ஏறும். நரம்புங்கறது போன் கால். ஹார்மோன்ங்கறது தபால். எனக்கு போன் கனெக்‌ஷன் இல்ல, தபால்காரர் மட்டும்தான்.

மெட்ரோ ஸ்டேஷன்ல படியேறும்போது இதை நான் தினமும் பார்க்கிறேன். முதல் நிமிஷம் துடிப்பு ஏறவே ஏறாது, கால் மட்டும் கனக்கும். மேலே போய், நடைமேடையில் நின்னு, ரயிலே வந்த பிறகுதான் துடிப்பு ஏறும். வேலை முடிஞ்ச பிறகு சம்பளம் வர்ற மாதிரி. அதே மாதிரி ஏறின துடிப்பு இறங்கவும் நேரம் எடுக்கும். ஏன்னா பிரேக் போட ஆள் இல்ல, தபால்ல வந்த அட்ரினலின் கரைஞ்சு போகணும்.

அதனால எங்களுக்கு விதி இது. உடற்பயிற்சிக்கு முன்னாடி அஞ்சு பத்து நிமிஷமாவது மெதுவா நடந்து உடம்பைச் சூடாக்கணும். முடிச்சதும் சட்டுனு உக்காரக் கூடாது, மெதுவாக் குறைச்சுக்கிட்டே வரணும். வாட்ச் காட்டுற துடிப்பை வச்சுப் பயிற்சியின் அளவை முடிவு பண்ணக் கூடாது. 'எனக்கு எவ்வளவு சிரமமா இருக்கு'ன்னு நம்மளையே கேட்டு அதை வச்சு முடிவு பண்ணணும். படுக்கையிலிருந்து எழுந்தா ஒரு நிமிஷம் உக்காந்துட்டுத்தான் நிக்கணும்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியமானது. நரம்பு அறுந்தா வலியும் அறுந்துடுது. உங்களுக்கு இதயத்துக்குப் போற ரத்தம் குறைஞ்சா நெஞ்சு வலிக்கும், இடது கை வலிக்கும். எங்களில் பல பேருக்கு அந்த வலி வராது. மாத்து இதயத்தின் தமனிகள் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கிப் போற ஒரு ஆபத்து எங்களுக்கு உண்டு. அது வந்தா எங்களுக்குக் கிடைக்கிற மணிச் சத்தம் பெரும்பாலும் வலி இல்ல, மூச்சு வாங்கறதும் காரணம் இல்லாத களைப்பும்தான். "நேத்து ஏறின படியில் இன்னைக்கு ஏன் மூச்சு வாங்குது?" இந்தக் கேள்வியை நான் அலட்சியமா விடவே கூடாது.

யோசிச்சுப் பாருங்க. மூச்சு சொல்றதை என் இதயம் கேக்காது. ஆனா இதயத்துக்கு ஒண்ணுன்னா அதைச் சொல்ல எனக்கு மூச்சு மட்டும்தான் இருக்கு.

அண்ணாச்சியின் ரெண்டு இதயம்

அந்த பிசியோ அறையில்தான் அண்ணாச்சியைப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கம் மளிகைக்கடை. இதயம் மாத்திப் பதினேழு வருஷம் ஆச்சு. பேரன் பேத்தி எடுத்துட்டார். அவருடைய ஈசிஜியைக் காட்டி அக்கா கேட்டாங்க, "இதுல என்ன வித்தியாசம் தெரியுது?"

ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னாடி ஒரு சின்ன மேடு வரணும். மேலறை துடிக்கிறதுக்கான அடையாளம் அது. அண்ணாச்சியின் தாளில் ரெண்டு வகை மேடு இருந்தது. ஒரு வகை ஒழுங்கா, பெரிய துடிப்போட ஒட்டி வருது. இன்னொண்ணு தன் பாட்டுக்குத் தனி வேகத்தில் போகுது.

விஷயம் என்னன்னா, பழைய முறை அறுவை சிகிச்சையில் நோயாளியின் சொந்த இதயத்தை முழுசா எடுக்க மாட்டாங்க. 1960இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லோயரும் ஷம்வேயும் நாய்களில் செஞ்சு காட்டிய முறை அது. மேலறைகளின் பின்பக்கச் சுவரை அப்படியே விட்டுட்டு, அதோட புது இதயத்தைத் தைச்சுடுவாங்க. அந்தப் பழைய சுவரில் பழைய சைனஸ் கணுவும் இருக்கும். அதுக்கு நரம்பு அறுபடல. அதனால மூச்சு இழுத்தா அது வேகமாகும், விட்டா மெதுவாகும். உங்களுது மாதிரியே. ஆனா அதன் மின்துடிப்பு தையலைத் தாண்டி வராது. புது இதயம் அதைக் கண்டுக்காம தன் வேகத்தில் போகும். இப்பப் பல இடங்களில் பெரிய சிரைகளோடயே நேரா தைக்கிற முறை வந்ததால, என்னை மாதிரி புதுசா செஞ்சுக்கிட்டவங்களுக்கு அந்தப் பழைய மேடு இல்ல.

அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "பழைய வீட்டுக்காரன் போகலடே தம்பி. திண்ணையில உக்காந்திருக்கான். நான் மூச்சு விட்டா அவன் தலையாட்டுதான். உள்ள இருக்க புதுசு திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கு. ரெண்டு பேரும் சண்டை போடாம இருக்காவ. எனக்கு அது போதும்."

நூத்துல ஒண்ணு, ரெண்டு

இப்ப ஒரு கேள்வி வரும். மாத்து இதயத்தில் மூச்சின் தடம் சுத்தமா பூஜ்யமா? இல்ல. 1989இல் லூசியானோ பெர்னார்டியும் அவர் கூட்டாளிகளும் இதய மாற்று செய்தவர்களை உக்கார வச்சு அளந்து பார்த்தாங்க. மூச்சோட சேர்ந்த ஏற்ற இறக்கம் அவங்களுக்கும் இருந்தது. ஆனா மத்தவங்களுக்கு இருக்கிறதில் பத்தில் ஒரு பங்குகூட இல்ல. நரம்பே இல்லாம இது எப்படி வருது? மூச்சை இழுக்கும்போது வலது மேலறைக்கு ரத்தம் அதிகமா வருதுன்னு சொன்னேன் இல்லையா, அப்ப அந்தச் சுவர் இழுபடுது. இழுபட்ட சைனஸ் கணு ஒரு துளி வேகமா துடிக்குது. காது கேக்காதவர் தரை அதிர்வை வச்சு ரயில் வர்றதை உணர்ற மாதிரி.

இதே பெர்னார்டிதான் பிற்பாடு 2001இல், கிறிஸ்தவ ஜெபமாலையும் யோக மந்திரமும் சொல்லும்போது மூச்சு நிமிஷத்துக்கு ஆறு வாக்கில் வந்து நிக்குதுன்னு எழுதினவர். என் ஆபீஸ் பயிற்சியாளர் சொன்ன அதே ஆறு.

அக்கா எனக்கும் ஒரு சோதனை செஞ்சாங்க. விரலில் சின்னக் கஃப் மாட்டி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த அழுத்தத்தை வரையுற ஒரு கருவி. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு கெட்டுப்போச்சான்னு பார்க்கவும் இதே ஆறு மூச்சுச் சோதனைதான். உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் இடையே துடிப்பு 15க்கு மேல மாறினா நல்லது, 10க்குக் கீழே போனா பிரச்சினை. எனக்கு வந்தது 1. ஆனா அதுக்குப் பக்கத்திலேயே ரத்த அழுத்தக் கோடு? அலை அலையா ஏறி இறங்குது. அன்னைக்கு ஆபீஸ் திரையில் எல்லாருக்கும் ஓடின அந்த மெரினா அலை எனக்கும் இருந்திருக்கு. வாட்ச் அதை அளக்கல, அவ்வளவுதான்.

எங்களுக்கு ரத்த அழுத்தம் ஒரு தனித் தலைவலி. உடம்பு புது இதயத்தை வெளியாள்னு நினைச்சுத் தாக்காம இருக்க டாக்ரோலிமஸ் மாதிரி மாத்திரை சாப்பிடறோம். அதன் பக்க விளைவில் ரத்த அழுத்தம் ஏறும். சாதாரணமா எல்லாருக்கும் தூங்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும். எங்களில் பலருக்கு அந்த ராத்திரி இறக்கம் சரியா நடக்கறதில்ல. அதனால காலை மாலை நோட்டுப் போட்டு எழுதறேன். மெதுவான மூச்சை நான் விடல, தினமும் பத்து நிமிஷம் உக்காருறேன். ஆனா அடக்கறதில்ல, முக்கறதில்ல, வாட்சைக் கழட்டி வச்சுட்டுத்தான் உக்காருறேன். மாத்திரைக்குப் பதிலா இல்ல, மாத்திரையோட சேர்த்து.

28 வயசுக் கணக்கு

ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். நரம்பு இல்லாத இதயத்தின் சொந்த வேகத்துக்கு ஒரு சூத்திரம் இருக்குன்னு படிச்சேன். 1970இல் ஜோஸ், காலிசன்னு ரெண்டு பேர், ஆரோக்கியமானவர்களுக்கு மருந்து கொடுத்து நரம்புகளின் பிடியைத் தற்காலிகமா நிறுத்தி அளந்தது. 118.1லிருந்து வயசை 0.57ஆல் பெருக்கிக் கழிக்கணும். வயசு கூடக் கூட வேகம் குறையும்.

என் வயசு 34. அப்படிப் பார்த்தா 99 வரணும். எனக்கு 102. அப்பதான் உறைச்சுது. இதயத்துக்கு என் வயசு இல்லையே. கணக்கைத் திருப்பிப் போட்டேன். 102க்கு வர்ற வயசு 28.

அந்த நம்பரையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். எனக்கு இதயம் கொடுத்தவர் யாருன்னு எனக்குத் தெரியாது. சொல்ல மாட்டாங்க, கேக்கவும் கூடாது. அந்த விதி நியாயமானது. ஆனா அந்த ராத்திரி எனக்கு ஒருத்தர் கிடைச்சுட்ட மாதிரி இருந்தது. 28 வயசு. என்ன வேலை பார்த்திருப்பார்? பைக் ஓட்டியிருப்பாரா?

அடுத்த முறை அக்காகிட்ட சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "தம்பி, அந்தச் சூத்திரம் ஒரு கூட்டத்தின் சராசரி. ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். 20 வயசு இதயமும் 102 காட்டும், 40 வயசு இதயமும் காட்டும். அவங்க வயசைக் கண்டுபிடிக்க இது உதவாது. அவங்க வீட்ல ஒரு முடிவு எடுத்தாங்க. அதுக்கு மேல உங்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்ல"னாங்க. சரின்னு தலையாட்டினேன். ஆனாலும் அந்தக் கணக்குத் தாளைக் கிழிக்கல. பி.பி. நோட்டுக்குள்ள இருக்கு.

போன வாரம்

இப்ப போன வாரத்துக்கு வர்றேன். மூணாவது வருஷப் பரிசோதனை. அதனாலதான் எபிசோட் வரல.

அறுந்த நரம்பு திரும்ப முளைக்குமா? ரொம்ப காலம் முளைக்காதுன்னுதான் நினைச்சாங்க. ஆனா சிலருக்கு முதல் வருஷத்துக்கு அப்புறம், மெதுவா, திட்டுத்திட்டா, ஆக்ஸிலேட்டர் நரம்பு திரும்ப வளருது. ஜெர்மனியின் ம்யூனிக்கில் ஆய்வாளர்கள் ஸ்கேன்ல அதைப் பார்த்து, அப்படி நரம்பு முளைச்சவங்களுக்கு உடற்பயிற்சித் திறனும் கூடுதலா இருக்குன்னு 2001இல் எழுதினாங்க. பிரேக் நரம்பு, அதாவது வேகஸ், திரும்ப வர்றதைக் கண்டுபிடிக்கறது இன்னும் கஷ்டம். ஏன்னா மூச்சால் இழுபட்டுத் துடிப்பு மாறுதா, நரம்பால் மாறுதான்னு பிரிச்சுப் பார்க்கணும். அதுக்கு பெர்னார்டி குழு ஒரு வழி செஞ்சாங்க. ஆளை ஒரு தாளத்தில் மூச்சு விடச் சொல்லிட்டு, கழுத்தில் ஒரு பட்டை மாட்டி அங்க இருக்கிற அழுத்த உணரிகளை வேற தாளத்தில் உறிஞ்சித் தூண்டறது. இதயத் துடிப்பில் கழுத்தின் தாளம் தெரிஞ்சா, நரம்பு பேசுதுன்னு அர்த்தம். சிலருக்குத் தெரிஞ்சது.

எனக்கு அவ்வளவு பெரிய சோதனை எல்லாம் இல்ல. டிரெட்மில்தான். முதல் வருஷம், நடக்க ஆரம்பிச்ச முதல் ஒரு நிமிஷத்தில் என் துடிப்பு ஏறினது ரெண்டு. இந்தத் தடவை ஒன்பது. நிறுத்தினப்புறமும் முன்னைவிடச் சீக்கிரம் இறங்குது. டாக்டர் எச்சரிக்கையாத்தான் சொன்னார், "நரம்பு வந்திருக்கலாம். வந்திருந்தா நல்லது. ஆனா இந்த ஒரு தாளை வச்சு உறுதியாச் சொல்ல மாட்டேன்." தமனிகளையும் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தாங்க. சுத்தமா இருக்கு.

அப்புறம் பிசியோ அறைக்குப் போய் ஆறு மூச்சுச் சோதனை. அக்கா கேட்டாங்க, "பயமா இருக்கா?" இருந்தது. மெதுவா இழுத்தேன், மெதுவா விட்டேன். முடிவு, 2. மூணு வருஷத்தில் ஒண்ணு கூடியிருக்கு. அது அளவுப் பிழையாவே இருக்கலாம். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்.

ஆபீஸ்ல அந்தப் பயிற்சியாளர் மறுபடி வந்தார். வகுப்பு முடிஞ்சதும் தனியாப் போய் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் ஆடிப் போயிட்டார். "சாரி சார்"னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். இப்ப அவர் வகுப்பில் ஒரு மாற்றம்: திரையில் பேர் போடறதில்ல. கோடு அசையலன்னா அது மனசோட குற்றம்னும் சொல்றதில்ல. சர்க்கரை, சில மாத்திரைகள், வயசுன்னு அதுக்கு எத்தனையோ காரணம் இருக்கலாம்.

உங்களுக்கு நான் சொல்ல வர்றது ரெண்டே விஷயம். உங்க வாட்ச் ஒரு விஷயத்தை மட்டும்தான் அளக்குது. அது காட்டற நம்பரை வச்சு உங்களையோ பக்கத்து சீட்டுக்காரரையோ எடை போடாதீங்க. ரெண்டாவது, இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்ல உறுப்பு தானம் பத்திப் பேசுங்க. நீங்க கார்டுல கையெழுத்துப் போட்டிருந்தாலும், கடைசியில் சம்மதம் சொல்ல வேண்டியது உங்க வீட்டுக்காரங்கதான். அந்த நேரத்துல அவங்க நிலைமை எப்படி இருக்கும்னு யோசிங்க. உங்க விருப்பம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவங்களுக்கு அது பெரிய உதவி. அப்படி ஒரு வீட்ல யாரோ சரின்னு சொன்னதாலதான் இந்த எபிசோட் உங்க காதுல ஓடிட்டு இருக்கு.

இனிமே நடுவில் மூச்சு வாங்கற சத்தம் கேட்டா எடிட் பண்ண மாட்டேன். அது இருக்கட்டும். அடுத்த வாரம் பார்க்கலாம். எழுந்திருக்கும்போது மெதுவா எழுந்திருங்க.